எல்லாருக்கும் திறந்த டிஸ்க்

அந்த ஸ்கேன் சென்டரில் அவருக்குப் பூட்டு என்று பெயர். கம்ப்யூட்டரைத் திறந்து போட்டுவிட்டு யாராவது டீ குடிக்கப் போனால், பின்னாலேயே வந்து பூட்டிவிட்டுப் போகிற மனுஷர். பழைய கம்பெனி மூடியபின் வீட்டில் சும்மா இருந்தவரை இங்கே சேர்த்துவிட்டவன் மனைவியின் தம்பி. அவன்தான் இங்கே மேனேஜர். அதை மட்டும் வீட்டில் மறக்கவே விடமாட்டார்கள்.

நோயாளிகளின் படங்களெல்லாம் ஒரு பெரிய டிஸ்க் பெட்டியில் சேர ஏற்பாடானது. பெட்டி ஓர் அறையில், சர்வர் வேறு அறையில், நடுவே கேபிள். எந்த சர்வர் உள்ளே வரலாம் என்பதைப் பெட்டியின் செட்டிங்கில் சொல்லிவைக்க வேண்டும். பூட்டு ஒரே ஒரு சர்வரை மட்டும் அனுமதித்தார். என்ன காரணமோ, இணைப்பு கிடைக்கவில்லை. மைத்துனனுக்குப் பொறுமை போய்விட்டது.

"மாமா, 'எல்லாரும்'னு போட்டுடுங்க. டாக்டர் கத்துறார். அப்புறமா பூட்டிக்கலாம்."

"வேற சர்வரும் இதே டிஸ்க்கைப் பிடிச்சுக்கும்டா. எல்லாம் நாசமாயிடும்."

"இங்க மேனேஜர் நீங்களா, நானா?"

பல்லைக் கடித்துக்கொண்டு 'எல்லாரும்' என்று மாற்றினார். உடனே வேலை செய்தது. பூட்டிவிடட்டுமா என்று பிறகு கேட்டபோதெல்லாம், "ஓடுற வண்டிய ஏன் நிறுத்தணும்?" என்று தட்டிக்கழித்தான். நகல் எடுத்து வைக்க இன்னொரு பெட்டி கேட்டதற்கும் செலவு என்று கையை விரித்தான்.

பூட்டு காய்ச்சலில் படுத்திருந்த நாளில் பில் போடுவதற்குப் புது சர்வர் வந்தது. மைத்துனனே மாட்டினான். அதற்கும் அந்த டிஸ்க் தெரிந்தது. ஆனால் உள்ளே இருந்தது அதற்குப் புரியாத அமைப்பு. காலி டிஸ்க் என்று நினைத்துக்கொண்டு, தயார் செய்யட்டுமா என்று கேட்டது. மகராசன் யோசிக்காமல் 'சரி' என்று அமுக்கிவிட்டான். அது டிஸ்க்கைத் துடைத்துத் தயார் செய்ததில் படங்கள் அத்தனையும் போயே போய்விட்டன.

அன்று சாயங்காலம் மனைவி கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, நீங்கதான் செஞ்சீங்கன்னு சொல்லிடுங்க. அவனுக்கு இப்பதான் கல்யாணம் பேசி முடிச்சிருக்கு."

"அப்ப என் வேலை?"

"உங்களுக்கென்ன, வீட்டுல இருந்து பழக்கம்தானே."

காய்ச்சலைவிட அந்தச் சொல்தான் அவரை அதிகம் சுட்டது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள் பேசுகிற பேச்சா இது! ஆனாலும் மறுநாள் போய்த் தலையைக் கொடுத்தார்.

"பூட்டுன்னு பேர் வச்சுக்கிட்டு நீங்களே திறந்து விட்டீங்களே!" என்றார் சென்டர் முதலாளியான டாக்டர். அந்தப் பாவி மைத்துனன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அன்றே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் போன் வந்தது. மனைவி எடுத்துப் பேசிவிட்டு அவரிடம் நீட்டினாள். "தம்பிதான். அதை எப்படிப் பூட்டுறதுன்னு தெரியலையாம். சொல்லிக் கொடுங்க, பாவம்."

போனை விட்டெறியலாம் போலிருந்தது. வாங்கிக்கொண்டார். எங்கே போக வேண்டும், எதை எடுக்க வேண்டும், எந்த சர்வரை மட்டும் விட வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். எல்லாம் முடிந்தது.

"என்னோட லாகினும் அதுல இருக்கு. அதையும் எடுத்துடு" என்றார்.

"அதை நேத்தே எடுத்தாச்சு மாமா."