கண்ணூறும் செலீனியமும்

யட்டவத்த ஊர்ப் பக்கத்தில் ஆடு வளர்ப்பதற்கு உம்மு குல்தூமை விட்டால் ஆளில்லை என்று சொல்கிறவர் ஒருவர் உண்டு. அது உம்மு குல்தூமேதான். கடையில் விற்கும் ஆட்டுத்தீனி அவள் வாசற்படி ஏறாது. சொந்தத் தோட்டத்துப் பலா இலைக்குழை மட்டும்தான்.

போன மாதம் அவளுடைய கறுப்பி ஆடு ஒரு குட்டி போட்டது. அடுத்த வீட்டு இராஜகுமாரி ஓடிவந்து, "அடியாத்தி, என்னா அழகு!" என்று வாயாரப் புகழ்ந்தாள். கண்ணூறு படாமலிருக்க 'மாஷா அல்லாஹ்' சொல்ல வேண்டும் என்பது அவளுக்கு எங்கே தெரியும்? ஐந்தாம் நாள் குட்டி கால் விறைத்து, எழ முடியாமல் படுத்துவிட்டது.

"ஒன் கண்ணுதான் பட்டிருச்சு, இனி இந்தப் பக்கம் வராத!" என்று வேலியில் நின்று கத்தினாள் குல்தூம். முப்பது வருஷச் சிநேகம் அத்தோடு அறுந்தது. ஓதிய தண்ணீர் தெளித்தும் குட்டி எழவில்லை.

கடைசியில் மிருக வைத்தியர் சிவநந்தினி வந்து குட்டியின் தொடையை அமுக்கிப் பார்த்தார்.

"தாய்க்கு என்ன குடுக்கிறீங்க?"

"எங்க தோட்டத்துக் குழை மட்டும்தான் மிஸ்." பெருமை குறையவில்லை.

"அங்கதாம்மா கோளாறு போல. உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கலங்களால ஆனது, ஒவ்வொரு கலத்தையும் சுத்திக் கொழுப்பால ஒரு தோல் இருக்கு. நாள்பட்ட எண்ணெய் காறிப் போகுதில்ல, அதே மாதிரி அந்தக் கொழுப்பும் கெடும். கெடாம காக்கிறதுக்கு நொதியம்னு ஒரு பொருளை உடம்பே செஞ்சுக்கும். அது வேலை செய்யணும்னா செலீனியம்னு ஒரு சத்து துளியாவது வேணும். ஒங்க மண்ணுல அது குறைஞ்சா குழையிலயும் இருக்காது, தாய் வழியா குட்டிக்கும் போகாது. குட்டியோட தசை இப்பிடித்தான் கெட்டுப் போகும்."

"அப்ப கண்ணூறு இல்லையா?"

"இல்லம்மா," என்று சொல்லி குட்டிக்குச் செலீனிய ஊசி போட்டார்.

குல்தூமுக்கு நிம்மதியும் வெட்கமும் ஒன்றாக வந்தன. நாலு நாளில் குட்டி எழுந்து துள்ளியது. அதைத் தூக்கிக்கொண்டு நேரே இராஜகுமாரி வீட்டுக்குப் போனாள்.

குட்டியைக் கண்டதும் இராஜகுமாரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபத்தில் அல்ல, பயத்தில். குல்தூம் இன்னும் கிட்டப் போனாள்.

"மன்னிச்சிரு ராஜி. தப்பு நான் போட்ட தீனியில, ஒன் கண்ணுல இல்ல. இங்க பாரு."

"வேணாங்க்கா. மறுபடி ஏதாச்சும் ஆயிரும்."

குல்தூம் குட்டியை இறக்கிவிட்டாள். அது நேரே போய் இராஜகுமாரியின் முந்தானையைச் சப்பத் தொடங்கியது. பார்க்காமல் இருக்க முடியுமா? பார்த்தாள், சிரித்தாள். புகழ மட்டும் வாய் திறக்கவில்லை.

"அழகா இருக்குன்னு சொல்லேன்டி," என்று குல்தூம் அழுதுகொண்டே அதட்டினாள். "ஒன் வாயால கேக்காம நான் வீட்டுக்குப் போக மாட்டேன்."