சோக் இல்லாத ஜெனரேட்டர்

ஊர் இருண்டால் மட்டும் சொந்தபந்தம் பெருகும் தொழில், ஜெனரேட்டர் சர்வீஸ். கரண்ட் வந்துவிட்டால் நம் போன் ஊமை. இன்வெர்ட்டர்காரர்களே, மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்களே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? பவர்கட் உச்சத்தில் இருந்த வருஷங்களில், தெற்கேயிருந்து திருப்பூர் வந்து தனி அறையில் கிடந்தேன். எங்கள் டீலர் இறக்குமதி செய்த, கார்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்‌ஷன் வைத்த சின்ன ஜெனரேட்டர்களின் வாரண்டி முழுக்க என் தலையில்.

சோக் எங்கே?

முதல் செட்டை வாங்கியவர் அவிநாசியில் வீட்டை ஒட்டி பனியன் யூனிட் வைத்திருந்த பழனிசாமி. காலையில் கிளப்ப சோக்கைத் தேடி, காணாமல் என்னைக் கூப்பிட்டார். பழைய செட்டில் இன்ஜின் குளிர்ந்திருந்தால் சோக்கை இழுத்துக் காற்றைக் குறைப்பது நம் வேலை. இதில் காற்றையும் சூட்டையும் சென்சார்களே பார்க்கும்; எவ்வளவு பெட்ரோல் பீய்ச்சுவது என்று உள்ளே இருக்கும் சின்னப் பெட்டி முடிவு செய்யும். நான் சொன்னதையெல்லாம் கேட்டதும் அவர் முகம் வாடியது.

“அப்ப என்னைய நம்பாத மெசினுங்களா இது?”

மண்ணெண்ணெய்

பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்புவது நம் ஊர்ப் பழக்கம். அவரும் டேங்கில் ஊற்றிவிட்டார். பெட்டியோ பெட்ரோலுக்குத்தான் கணக்குப் போடும். புகை தெருவரை போய் இன்ஜின் நின்றது. இன்ஜெக்டரைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் மனைவி ருக்மணி வந்தார். அந்த ஊரில் நான் சாப்பிட்டேனா என்று கேட்ட ஒரே ஜீவன் அவர்தான்.

“அவரு டீக்கே தண்ணி கலக்கறவருங்க. நீங்க கையக் கழுவிட்டு வாங்க, ரெண்டு இட்டிலி சாப்புடுங்க.”

குழாயை மூடும் கை

அடுத்தது, டேங்கிலிருந்து பெட்ரோலைத் தள்ளும் பம்ப் போனது. சாயங்காலம் செட்டை நிறுத்துவது திருநெல்வேலிக்காரி மேரி, அந்த யூனிட்டில் டெய்லர். கார்பரேட்டரில் பெட்ரோல் தங்கிப் பிசினாகக் கூடாதென்று, குழாயை மூடி, இருப்பது தீர்ந்து இன்ஜின் தானே நிற்கும்வரை விடுவாள். பழைய செட்டுக்கு அது சரி. இதில் பம்புக்குக் குளிர்ச்சி தருவதே பெட்ரோல்தான். வறண்டு சுற்றினால் கருகிவிடும். ஸ்விட்சில் நிறுத்தினால் போதும் என்றேன்.

“கை பழகிட்டுல்லா அண்ணாச்சி, மூடாட்டி தூக்கம் வர மாட்டேங்கு.”

ஆனாலும் விடாமல் பக்கத்தில் நின்று எல்லாருக்கும் பழக்கிவிட்டேன். பழகப் பழக, அந்த வீட்டிலிருந்து அழைப்பு நின்றது.

வாரண்டி செக்கப்

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மெஸ் லீவு. முந்தின நாள் மதியத்திலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டு அவிநாசிக்கு பஸ் ஏறினேன். வாரண்டி செக்கப் என்று ஒன்று எங்கள் கம்பெனியில் கிடையாது. பஸ்ஸில் உட்கார்ந்து நானே உண்டாக்கியது. ருக்மணி அக்கா வாசலிலேயே நின்று, வாயெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்.

“நீங்க சொல்லிக்குடுத்த பொறகு ஒரு தொந்தரவும் இல்லீங்க. இனி நீங்க வரவே வேண்டாமுங்க, பாவம், எதுக்கு வீணா அலையறீங்க?”

வேலையை ஒழுங்காகச் செய்தால் என்ன கிடைக்கும் என்று யாராவது கேட்டால், அவிநாசியிலிருந்து திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைக்கும் என்பேன்.