சீனி பார்த்து முடிக்கட்டும்

குளிர்நாட்டில், நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற நகர்ப்பகுதியில் நாங்கள் இருந்த அடுக்குமாடி வீட்டில் இரண்டு பூனைகள் வளர்ந்தன. வெள்ளைப் பெட்டையின் பெயர் சீனி. கறுப்புக் கடுவனுக்கு நான் பிரெஞ்சில், கறுப்பு என்ற பொருளில், நுவார் என்று பெயர் வைத்திருந்தேன். எங்களோடு இருந்த பெரியம்மா அதைக் கறுப்பன் என்றுதான் கூப்பிடுவார். நான் கூப்பிட்டால் எப்போதாவது வரும். பெரியம்மா கூப்பிட்டால் ஓடி வரும். அவர் கையில் வீசும் மீன் வாசம்தான் காரணம் என்று அப்போது எனக்குப் படவில்லை.

பனி உறைந்த ஒரு மாரிகாலத்தில் கறுப்பனுக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. மிருக வைத்தியரிடம் கொண்டுபோன அப்பா வெறும் கூடையோடு திரும்பி வந்தார்.

"கறுப்பனை ஏன் கொண்டு வரேல்லை?" என்று கேட்டார் பெரியம்மா.

"நிலமெல்லாம் இறுகிக் கிடக்கு, அக்கா. எங்க புதைக்கிறது? அங்கேயே குடுத்திட்டன்."

"அப்ப அது செத்தது சீனிக்கு எப்பிடித் தெரியும்?"

அப்பா குனிந்து காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றினார்.

சீனி சாப்பாட்டை விட்டது. அலுமாரிக் கதவுகளைப் பிறாண்டியது, கட்டிலுக்கடியில் புகுந்து கத்தியது. துணை கிடைத்தால் மறந்துவிடும் என்று நினைத்து, கீழ்வீட்டுச் சிநேகிதியின் பூனைக்குட்டியை இரவல் வாங்கி வந்தேன். சீனி அதன் மூக்கிலேயே அறைந்தது. குட்டி கத்த, சிநேகிதி அழ, அம்மா இரண்டு பேரையும் சமாதானப்படுத்தி அனுப்பிவைத்தார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, அலுமாரி, மேசை லாச்சி, உடுப்புத் தோய்க்கும் மெஷின் எல்லாமே திறந்து கிடந்தன. சீனி முன்னால் போக, பெரியம்மா பின்னால் நடந்துகொண்டிருந்தார். முழங்கால் வலியோடு குனிந்து கட்டில் விரிப்பைத் தூக்கிப் பிடித்தார்.

"பார், பிள்ளை. இஞ்சையும் இல்லை. வா, அங்கால பாப்பம்."

கடைசியில் பல்கனிக் கதவையும் திறந்துவிட்டார்.

"அக்கா, குளிர் முழுக்க உள்ளுக்க வருது!" என்று அம்மா குசினியில் சமைத்தபடியே கத்தினார்.

"வரட்டும். அது பாத்து முடிக்கட்டும்."

சீனி பனியில் ஒரு காலை வைத்து உடனே எடுத்தது. நெடுநேரம் வெளியே பார்த்தபடி நின்றது. பிறகு தானாகவே திரும்பி வந்து பெரியம்மாவின் மடியில் ஏறிப் படுத்தது. அன்று மாலை அவர் விரலில் எடுத்துக் கொடுத்த மீனைக் கொஞ்சமாக நக்கியது. அதன் முதுகைத் தடவியபடி பெரியம்மா அழுதார். கறுப்பன் மேல் அவருக்கு இவ்வளவு பாசமா என்று வியந்து, நான் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

போர்க்காலத்தில் மன்னாரில் விசாரணைக்கென்று கூட்டிச் செல்லப்பட்ட பெரியப்பா எங்கே என்று யாருமே பெரியம்மாவுக்குச் சொல்லவில்லை. அதையெல்லாம் நான் வளர்ந்த பிறகுதான் கேள்விப்பட்டேன். அந்த வயதில் எனக்குத் தெரிந்தது வீட்டுச் செபம் மட்டும்தான். இறந்துபோன சொந்தங்களுக்காக வேண்டும்போது பெரியம்மா பெரியப்பாவின் பெயரைச் சொல்லமாட்டார். பயணத்தில் இருப்பவர்களுக்காக வேண்டும்போது சொல்வார். பெரியப்பா விமானம் ஏறிவிட்டார் என்றே நான் நம்பினேன். செபம் முடிந்ததும் யன்னலுக்கு ஓடிப்போய், வானத்தில் விளக்கு ஏதாவது மினுங்குகிறதா என்று பார்ப்பேன்.