ஐம்பத்தோராவது சுற்று

1. கும்பிடப் போன நேரம்

பத்தாயிரம் மீட்டர் ஸ்பீடு ஸ்கேட்டிங் என்றால், எங்கள் இருநூறு மீட்டர் டிராக்கில் ஐம்பது சுற்று. இன்னும் எத்தனை சுற்று பாக்கி என்று லேப் போர்டில் ஒருவர் எண்ணை மாற்றிக்கொண்டே இருப்பார். கடைசிச் சுற்றுக்கு மணி அடிப்பார். அவர் வேலை அவ்வளவுதான். அதைக்கூடச் செய்ய முடியாதா?

கோவை பீளமேட்டில் மாநிலத் தேர்வுப் போட்டி. முதலில் வருபவருக்கு மட்டும் நேஷனல்ஸ். என் வயதுப் பிரிவில் எனக்கு அதுதான் கடைசி வருடம். பக்கத்துக் கணபதியில் லேத் பட்டறை நடத்தும் அப்பா, அன்று பட்டறையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்.

பாதி ரேஸில் சிறப்பு விருந்தினர் வந்தார். போர்டுக்காரர் எழுந்து கும்பிட்டு, பொன்னாடையைப் பிரித்துக் கொடுத்தார். அந்த நேரத்தில் நாங்கள் அவரைத் தாண்டிப் போய்விட்டோம். போர்டில் எண் மாறவே இல்லை.

நான் எப்போதும் மனசுக்குள் தனியாக எண்ணுவேன். ஐம்பதாவது சுற்றில் மணி கேட்கவில்லை. மனுஷன் அடிக்க மறந்துவிட்டார் என்று நினைத்து, இருந்த தெம்பையெல்லாம் போட்டு இழுத்தேன். முதல் ஆளாகக் கோட்டைத் தாண்டிக் கையைத் தூக்கி நின்றேன். அப்போதுதான் மணி அடித்தது!

“ஏனம்மணி நின்னுபோட்டே? இன்னொரு ரவுண்டு இருக்குதல்ல?”

“அம்பது முடிஞ்சுதுங்க சார்! நீங்க கும்பிடப் போனப்ப ஒண்ணு உட்டுட்டீங்க!”

“பெரிய மனுசர் வாராரு, உக்காந்துட்டே இருக்க முடியுமா கண்ணு? போர்டுல இருக்கறதுதான் ரூல்.”

பின்னால் வந்தவள் இன்னொரு சுற்று ஓடி ஜெயித்தாள். அப்பா செல்போனில் எடுத்த வீடியோவைக் காட்டினார். “வீடியோவெல்லாம் பாக்கறதில்லீங்க” என்று தலைமை நடுவர் பணிவாகச் சொன்னார். அந்தப் பணிவு இருக்கிறதே, அதுதான் ஆத்திரம். பைக்கில் திரும்பும்போது அப்பா, “நானும் எண்ணிட்டுத்தான் இருந்தேன் கண்ணு, அம்பதேதான்” என்றார்.

2. நான் உட்கார்ந்திருந்த நாற்காலி

முழங்கால் போன பிறகு நடுவர் தேர்வு எழுதினேன். என்ன வேலை வேண்டும் என்றார்கள். லேப் போர்டைக் கேட்டு வாங்கினேன்.

முதல் போட்டியிலேயே, ரேஸ் நடுவில் சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார். இவர்களுக்கு வேறு நேரமே கிடைக்காது. செயலாளர் ஓடி வந்தார்.

“ஏனுங்க மேடம், எந்திரிங்க. அய்யா நிக்கறாருங்க.”

“இருவத்தி ரெண்டுங்க” என்று எண்ணை மாற்றினேன்.

செயலாளர் நகரவில்லை. பிள்ளைகள் மறுபடி தாண்டினார்கள்.

“மருவாதி தெரியாதுங்களா உங்களுக்கு?”

“இருவத்தி ஒண்ணுங்க.”

புதிதாக வரும் நடுவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கும்பிட ரேஸ் முடிந்த பிறகு நிறைய நேரம் கிடக்கிறது.

அடுத்த போட்டிக்கு என்னைக் கூப்பிடவில்லை. போகட்டும். அன்று அந்தப் பிள்ளைகள் ஐம்பது சுற்றுதான் ஓடினார்கள்.