நீங்கள் எந்த ஹொர்வாட்?

கியூபெக்கில், செயின்ட்-மிஷேல் பகுதியில் நாங்கள் குடியிருந்த மூன்று மாடிக் கட்டடத்தின் வாசலில் ஒரு பித்தளைப் பலகை இருந்தது. வீட்டுக்கு ஒரு மணி, மணிக்குப் பக்கத்தில் குடும்பப் பெயரை எழுதிச் செருக விரல் நீளத்தில் ஓர் இடம். எங்கள் வீட்டுக்கு மூன்று பெயர்கள் தேவைப்பட்டன. அப்பாவுக்கு அவருடைய அப்பாவின் பெயர். அம்மாவுக்கு அவருடைய அப்பாவின் பெயர். எனக்கும் தங்கைக்கும் எங்கள் அப்பாவின் பெயர். ஒரே சட்டியில் சாப்பிடுகிற நாலு பேருக்கு மூன்று குடும்பப் பெயரா என்று கட்டடத்தைப் பராமரித்த ஜனிற்றர் சந்தேகப்பட்டார். நாங்கள் மூன்று குடும்பங்களைக் களவாகக் குடிவைத்திருக்கிறோம் என்பது அவருடைய முடிவு. ஒருநாள் தண்ணீர்க் குழாய் பார்க்கும் சாட்டில் உள்ளே வந்து கட்டிலுக்குக் கீழேகூடக் குனிந்து பார்த்தார். அங்கே என் புத்தகப் பெட்டிகள்தான் இருந்தன. "இவ்வளவையும் வாசிச்சுப்போட்டோ வேலை இல்லாமல் இருக்கிறாய்?" என்றார். அவர் கதைத்தது உடைந்த ஆங்கிலம். என் நினைவில் ஏனோ அது யாழ்ப்பாணத் தமிழாகவே தங்கிவிட்டது. என் வாழ்க்கைக்கு இன்றுவரை கிடைத்த விமர்சனங்களில் அதைவிடச் சரியானது வேறில்லை.

அவர் ஹங்கேரிக்காரர். ரஷ்ய டாங்குகள் புடாபெஸ்டுக்குள் வந்த ஆண்டில், இருபது வயதில், இரவோடு இரவாக எல்லையைக் கடந்தவர். குடும்பப் பெயர் ஹொர்வாட். அவர்களுக்கும் எங்களைப்போலத் தகப்பன்வழிப் பெயர் முன்னால்தான் வரும். ஆனால் எங்களுடையதுபோல ஒரு தலைமுறையோடு அது தொலைந்துபோகாது, இறங்கிக்கொண்டே இருக்கும். ஹொர்வாட் என்றால் குரோவேஷியாக்காரன் என்று பொருள். பல நூற்றாண்டுகளுக்கு முன் துருக்கியப் படைகளுக்கு அஞ்சித் தெற்கிலிருந்து ஓடிவந்தவர்களை, ஊர்ச்சனம் பெயரைக் கேட்டு நாவில் பழக்கப் பஞ்சிப்பட்டு, வந்த திசையைச் சொல்லியே கூப்பிட்டிருக்கிறது. எங்கள் ஊரில் சிங்கப்பூருக்குப் போய் வந்தவர் சாகும்வரை சிங்கப்பூரார் என்பதுபோல. வித்தியாசம் என்னவென்றால், சிங்கப்பூராரின் பேரன் சிங்கப்பூரார் அல்ல. ஹொர்வாட்டின் பேரன் ஹொர்வாட். அவனுடைய பேரனும் ஹொர்வாட். இன்று ஹங்கேரியில் மிக அதிகம் பேருக்கு இருக்கும் ஐந்து குடும்பப் பெயர்களில் இதுவும் ஒன்று. வெளியாள் என்று அடையாளம் வைத்த பெயர் ஊரையே நிரப்பிவிட்டது.

இதை வைத்து நான் ஒரு நகைச்சுவைக் கட்டுரை எழுதினேன். இன்னும் முந்நூறு வருடத்தில், பிரெஞ்சைத் தவிர வேறொன்றும் தெரியாத, ஹொக்கி விளையாடுகிற ஆயிரக்கணக்கான கியூபெக்காருக்கு 'தமிழ்' என்பது குடும்பப் பெயராக இருக்கும் என்பது அதன் சாரம். என் ஐந்து வாசகர்களும் ரசித்ததாகச் சொன்னார்கள்; அதில் மூவர் சொந்தக்காரர். ஜனிற்றருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "முந்நூறு வருசம் ஓட, முதலில ஒரு மகன் வேணும்" என்றார்.

மகன் இருந்தான். அவன் கட்டியது ஒரு கியூபெக் பெண்ணை. இங்கே பிள்ளைக்குத் தாயின் குடும்பப் பெயரை மட்டும் வைக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. அவர்கள் அப்படியே வைத்தார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மகன் முதன்முதலாக வந்த அன்று நாங்கள் மேல்மாடியில் நின்று பார்த்தோம். "என்ரை பேரில்லாத பிள்ளையோட என்ரை படியில ஏறாதே" என்று கிழவர் வாசலில் நின்று கத்தினார் என்பதை, ஹங்கேரிய மொழி தெரியாத அம்மாகூட விளங்கிக்கொண்டார். மகன் கதவுவரை வந்து, பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்து, திரும்பிப் போனான். வேறு யாரோ தன் முன்னோருக்குப் போகிறபோக்கில் ஒட்டிவிட்ட பெயருக்காக ஒரு மனிதன் பெற்ற பிள்ளையின் உறவையே வெட்டிவிட்டான். இதில் ஒரு நல்ல பகிடி இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றியது.

பதினைந்து வருடம் கழித்து, ஒரு முதியோர் இல்லத்தில், எண்பது தாண்டிய அவரைப் பார்க்க நான் ஞாயிறுதோறும் போய்க்கொண்டிருந்தேன். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வீடு வாங்கி, தலை நரைத்து, நானும் கனவான் ஆகியிருந்தேன். போனதில் பாதி அன்பு. மீதி, என் முதுமையை முன்கூட்டியே வேவு பார்க்கும் ஆவல். அவருக்கு ஈரலில் வந்த நோய். கிழமைக் கணக்கில்தான் தவணை என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஒரு ஞாயிறு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அவனைக் கண்டுபிடி. பிள்ளைக்கு எந்தப் பேரும் இருக்கட்டும், வந்து முகத்தைக் காட்டட்டும் எண்டு சொல்லு" என்றார். அவரிடமிருந்த பழைய எண் எப்போதோ செத்துவிட்டது.

நான் சிரித்தேன். ஆள் தேடுவதில் தமிழனை வெல்ல ஆரால் முடியும்? மூன்று தொலைபேசி அழைப்பில் எந்த நாட்டில் இருக்கும் எவரையும் பிடித்துவிடுவோம். என்னோடு இருந்த அப்பா, தேடும் முறையைத் திரும்பவும் சொல்லித் தந்தார். "முதலில ஊரைக் கேள். பேந்து ஆரின்ரை மகன் எண்டு கேள். ஆளை உறுதிப்படுத்தாமல் விசயத்தை அவிழ்க்கக் கூடாது." அவருக்குக் காரணம் இருந்தது. யுத்த காலத்தில் ஒரு சாவுச் செய்தியை அவர்தான் தொலைபேசியில் சொன்னார். இறந்தவனின் அதே பெயரில் பிள்ளை இருந்த வேறொரு தாய்க்கு. அந்தத் தாய் இரண்டு நாள் அழுதபின்தான் பிழை தெரிந்தது.

ஆனால் ஹொர்வாட்டுகள் முடிகிறபாடாக இல்லை. லாவலில் ஒரு பேக்கரிக்காரர், "என்ரை அப்பா ஹொர்வாட், மாமனார் ஹொர்வாட், பல் டொக்டரும் ஹொர்வாட். உங்களுக்கு எந்த ஹொர்வாட் வேணும்?" என்றார். ஓர் அம்மா தான் ஸ்லோவாக்கியா என்றும், அங்கே இந்தப் பெயர் இன்னும் மலிவு என்றும் பெருமையோடு சொன்னார். ஒருவர் தெரிந்தவரின் எண்ணைத் தந்தார், இல்-பிசார் தீவில் எங்கேயோ இருக்கிறாராம். அழைத்தேன். எடுத்தவர் மெதுவான குரல்காரர். பின்னால் யாரோ பியானோ பழகினார்கள்.

"நீங்கள் ஹங்கேரியில எந்த ஊர்?"

"நான் இங்கே பிறந்தனான்."

"உங்கட அப்பா செயின்ட்-மிஷேலில ஜனிற்றராய் இருந்தவரோ?"

பியானோ இரண்டு தடவை தடுக்கி மறுபடி தொடங்கியது. பிறகு, "ஏன் கேக்கிறீங்கள்?"

"முதலில நீங்கள் அவரின்ரை மகன்தானோ எண்டு சொல்லுங்கோ."

"இல்லை, மொஸ்யூ. இந்தப் பேர் ஆயிரம் பேருக்கு இருக்கு."

வைத்துவிட்டார். நானும் பட்டியலில் அந்த எண்ணை வெட்டிவிட்டு, வாயைத் திறந்து விசயத்தைக் கொட்டவில்லை என்று அப்பாவிடம் பெருமையடித்தேன். "கெட்டிக்காரன்" என்றார்.

அடுத்த ஞாயிறு ஜனிற்றரிடம், "இன்னும் கனபேர் இருக்கினம், பாப்பம்" என்றேன். "ஓம். நாங்கள் கனபேர்" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். புதன்கிழமை இறந்துபோனார்.

மூன்று கிழமைக்குப் பின் அதே மெதுவான குரல் என்னை அழைத்தது. என் எண் அவருடைய தொலைபேசியில் இருந்திருக்கிறது.

"அண்டைக்கு ஏன் தேடினீங்கள்?"

இம்முறை நான் ஊரைக் கேட்கவில்லை, தகப்பனைக் கேட்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், நோய், ஞாயிறுகள், புதன்கிழமை. கடைசியாக, பிள்ளைக்கு எந்தப் பெயரும் இருக்கட்டும், வந்து முகத்தைக் காட்டட்டும் என்று அவர் சொன்னதைச் சொன்னேன்.

"என்ன பாஷையில சொன்னவர்?"

"இங்கிலீஷில. எனக்கு வேறென்ன விளங்கும்?"

"என்ரை அப்பா என்னோட ஒருநாளும் இங்கிலீஷில கதைச்சதில்லை" என்றார். "அவர் அப்பிடிச் சொல்லக்கூடிய ஆளுமில்லை. நீங்கள் நல்ல மனிசன், மொஸ்யூ. என்னை ஆறுதல்படுத்தப் பொய் சொல்லத் தேவையில்லை."

வாழ்நாளெல்லாம் நான் பகிடியாகச் சொன்னவற்றை ஆட்கள் உண்மையென்று நம்பியிருக்கிறார்கள். நான் சுமந்துபோன ஒரேயொரு உண்மையை நம்பவேண்டியவர் நம்பவில்லை. பிறகு பலமுறை அழைத்தேன், எடுக்கவில்லை. அந்தத் தீவில் எந்தத் தெரு என்றும் எனக்குத் தெரியாது.

கிழவர் சொன்ன அந்த வாக்கியம் ஹங்கேரிய மொழியில் எப்படி வரும் என்று வேறொரு ஹொர்வாட்டிடம் கேட்டு, உச்சரிப்போடு பாடமாக்கினேன். இப்போது பிசகாமல் சொல்ல வரும். இந்தக் கிழமையும் அழைத்தேன். அந்த எண் பாவனையில் இல்லை என்று ஒரு பெண் குரல், முதலில் பிரெஞ்சிலும் பிறகு ஆங்கிலத்திலும், சொன்னது.