மாதையன் புகைப்பதை விட்ட விதம்

மாதையன் இறந்த செய்தி ஆலை வாசலில், ஷிப்டு மாறும் நேரத்தில் எனக்குக் கிடைத்தது. "ஸ்டோர் மாதையன் ஹோகிபிட்ரு சார்," என்றார் காவலாளி கன்னடத்தில். போய்விட்டார். இதயம் தூக்கத்திலேயே நின்றிருக்கிறது. உள்ளே போனபோது ஸ்டோர் ஜன்னலில் வேறொருவர் உட்கார்ந்து நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வேலை நிற்கவில்லை.

அவர் மாதேஸ்வரன் மலைப் பக்கத்து மார்டள்ளிக்காரர், அதிகம் பேசாதவர், ஓயாமல் இருமியவர் என்பது அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும். இணையம் என்ற சொல்லே நமக்குப் புதிதாக இருந்தபோது அதன் துணையோடு அவர் சிகரெட்டை விட்டது பலருக்குத் தெரியாது.

முன்பு விட முயன்ற கதையை அவரே சிரிக்காமல் சொல்வார். "மாதேஸ்வரன் மலையில கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணுனேனுங்க. கீழ வர்ற பஸ்ஸு ஒரு வளைவுல நின்னுது. எறங்கிப் பத்த வெச்சுட்டேன்." பிறகு ஒரு மருத்துவர் அவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, நுரையீரல் இனித் தாங்காது என்றார். அன்றும் புகைத்தார். வீட்டுக்குள் நுழையுமுன் வழக்கம்போல ஏலக்காய் மென்றார். மனைவி பழனியம்மாளிடம், விட்டுவிட்டதாகச் சொல்லியிருந்தார்.

தொண்ணூற்றெட்டில் எங்கள் ஊர் மண்டி மொஹல்லா பகுதியில், ஒரு சந்தில் சைபர் சென்டர் திறந்தார்கள். துபாயிலிருந்த மைத்துனனுக்கு மின்னஞ்சல் அனுப்ப என்னைத் துணைக்கு அழைத்துப் போனார். அனுப்பி முடித்ததும், "சிகரெட்ட எப்படி விடறதுன்னு கேட்டா இது சொல்லுங்களா?" என்றார். தேடினேன். மெதுவாக ஓர் ஆங்கிலத் தளம் திறந்தது. பெயர் கொடுத்து, விடும் நாளை நாமே குறிக்க வேண்டும். அதன்பின் போகும்போதெல்லாம், புகைத்தாயா என்று கேட்கும். பல நாட்டுக்காரர்கள் தாங்கள் படும் பாட்டை அதில் எழுதியிருந்தார்கள்.

"எதுத்தாப்ல ஆளு உக்காந்து கேக்கறதில்லீங்களே?"

"இல்லை. திரைதான்."

"அப்பச் சேத்து உடுங்க."

குறித்த நாளைத் தாண்டி ஒரு வாரம் தாக்குப்பிடித்தார். ஆலையில் ஆட்குறைப்பு என்று வதந்தி பரவிய அன்று புகைத்துவிட்டார். மாலையில் சென்டருக்குப் போனோம். திரையில் அதே கேள்வி. கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இல்லைன்னு போடுங்க சார், யாரு பாக்கறாங்க?" என்றார்.

மாதையன் அவரைத் திரும்பிப் பார்த்தார். "பொய் சொல்றதுக்குக் காசு குடுத்து இங்க வரோணுமா? அத வீட்டுலயே சொல்லிக்கலாமே."

ஆம் என்று அழுத்தினார். பரவாயில்லை, எந்த நேரத்தில் தோன்றியது என்று யோசியுங்கள், வேறொரு நாளைக் குறியுங்கள் என்று பதில் வந்தது. நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர், "திட்டலீங்களே," என்றார்.

அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் உண்மையைச் சொன்னார். "எனக்குத் தெரியாதா? ஏலக்காய் வாங்கறதே நானு," என்றாராம் பழனியம்மாள். அடுத்த முறை அவரும் சென்டருக்கு வந்து, திரைக்குப் புரியாத தமிழில் கணவனுக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மாதையன் இன்னும் இரண்டு தடவை தவறினார். அதன்பின் சாகும்வரை தொடவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும்.

சாவு வீட்டில் உறவுக்காரர் ஒருவர், "விட்டும் என்ன பிரயோஜனம்?" என்றார். பழனியம்மாள் நிமிர்ந்தார். "முன்னெல்லாம் மாடிப்படி ஏறி வந்து இருமுவாரு. போன வருசம் பூரா ஏறி வந்து எங்கூடப் பேசுனாரு."

நான் அவரிடமிருந்து வைத்துக்கொள்வது ஒரு பதிலை. விட்ட பிறகும் அவ்வப்போது அந்தத் தளத்தைப் பார்க்கப் போவோம். ஒரு நாள், எந்த நாட்டவரோ தெரியாத ஒரு பெண், தான் மறுபடி புகைத்துவிட்டதாகவும் பிள்ளைகளிடம் சொல்ல முடியவில்லை என்றும் எழுதியிருந்தார். மாதையன் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் தட்டினேன்.

"சொல்லிருங்கம்மா. அவங்களுக்கு முன்னயே தெரியும். நீங்க வாயத் தொறக்கறதுக்குத்தான் காத்துட்டு இருப்பாங்க."