ஏழாம் படுக்கைக்கு யார் பொறுப்பு

இதைச் சொன்னால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: தூக்கக் கலக்கம். ஒன்பது வருடம் நைட் டியூட்டி பார்த்த நர்ஸுக்கே தூக்கக் கலக்கத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்கள். நின்றபடியே தூங்கியிருக்கிறேன். ஊசியில் மருந்தை ஏற்றிவிட்டு, எந்தப் படுக்கைக்கு என்று மறந்துபோய் முழித்திருக்கிறேன். கலக்கம் எனக்குத் தெரியும். அன்று நடந்தது அது இல்லை.

தொடர்ந்து ஐந்தாவது நைட். பெண்கள் வார்டில் இருபத்திரண்டு பேர். நர்ஸ் நாங்கள் இரண்டே பேர், நானும் சின்னக்காவும். வார்டே அவரை அப்படித்தான் கூப்பிடும். நான் கூடப்பிறந்தவராகவே நினைத்திருந்தேன். எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. ஒருத்தி துணி அடுக்கும் அறையில் இரண்டு மணி நேரம் கண்ணயர்வாள். மற்றவள் எல்லாப் படுக்கைகளையும் பார்த்துக்கொள்வாள். மேலிடத்துக்குத் தெரிந்தால் சீட்டு கிழிந்துவிடும்.

ஏழாம் படுக்கை என் பொறுப்பு. அன்று மாலை வயிற்றில் ஆபரேஷன் முடிந்த தையல்காரப் பெண். மணிக்கு ஒரு தரம் நாடியும் பிரஷரும் பார்த்துச் சார்ட்டில் எழுத வேண்டும். பன்னிரண்டு மணிக்குப் பார்த்தேன். நாடி 96. கொஞ்சம் அதிகம்தான்.

"மறுபடி எப்ப வருவீங்க சிஸ்டர்?"

"ஒரு மணிக்கு வந்துடுவேன். பயப்படாதீங்க."

சின்னக்கா விடவில்லை. "மூஞ்சியப் பாரு, பிழிஞ்சு போட்ட துணி மாதிரி இருக்கு. போய்ப் படு. ஏழை நான் பாத்துக்கறேன். ரெண்டரைக்குக் கதவத் தட்டறேன்."

12:10. உள்ளே தாழ்ப்பாள் போட்டேன். படுத்ததுதான் தெரியும்.

என் மணிக்கட்டில் இரண்டு விரல்கள்.

சில்லென்று இருந்தன. நாடி பார்ப்பது போல அழுத்திப் பிடித்திருந்தன.

"சிஸ்டர்... எழுந்திரிங்க..."

விழித்தேன். யாரும் இல்லை. தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. போனில் மணி 2:17.

ஓடினேன். சின்னக்காவின் நாற்காலி காலி.

ஏழாம் படுக்கைப் பெண்ணின் சார்ட்டைப் பார்த்தேன். ஒரு மணி, நாடி 90. இரண்டு மணி, 86. மூன்று மணி, 84. நான்கு மணி...

இன்னும் இரண்டரைகூட ஆகவில்லை.

வரிக்கு வரி என் கையெழுத்து. நான் போடாத கையெழுத்து.

அவள் கையைத் தொட்டேன்.

அதே சில்லிப்பு...

ஓடி வந்த டாக்டர், வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கசிந்திருக்கிறது என்றார். உயிர் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்குமாம். 2:40க்குச் சின்னக்கா வந்தார், கன்னத்தில் தலையணையின் மடிப்புத் தடத்தோடு. காலியாக இருந்த தனி அறையில் தூங்கியிருக்கிறார்.

விசாரணையில் அவர் என் முகத்தையே பார்க்கவில்லை. "ஏழு அவளோட பெட். கையெழுத்தும் அவளோடதுதானே?" என்றார். அந்தப் பொய்யை மறுத்தேன். தூங்கியதை மறுக்கவில்லை. ஒரு மணிக்கு வருகிறேன் என்று அந்தப் பெண்ணுக்கு வாக்குக் கொடுத்தவள் நான்தானே. வேலை போயிற்று.

துணி அறையில் நடந்ததை நான் அதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.

எட்டு மாதம் கழித்துச் சின்னக்கா போன் செய்தார். குரல் தேய்ந்திருந்தது.

"தூங்கவே முடியலடி. அன்னைக்கு அந்தப் பொண்ணு முதல்ல எங்கிட்டதான் வந்தா. கதவுகிட்டயிருந்து, சிஸ்டர் எழுந்திரிங்கன்னா. அவ குரல்தான். மணியப் பாத்தேன், ரெண்டே கால்."

அப்போது அவள் இறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

"நீங்க என்ன சொன்னீங்க?"



"திரும்பிக்கூடப் பாக்கலடி. 'ஏழு என் பெட் இல்ல... துணி ரூம்ல இருக்கா, போய் அவள எழுப்பு'ன்னேன்."